போலிப் பொருளை இனங்காண்பதும் சொந்தக் குறியைக் காப்பதும்: வன்னி மக்களுக்கான நடைமுறை வழிகாட்டி

வட இலங்கையின் வன்னியில் போலிப் பொருளின் கேடு மிகக் கடுமையாக வெளிப்படும் இடம் வயல். நெற்பயிரின் சாற்றை உறிஞ்சும் பூச்சியான கபிலநிறத் தத்தி இறங்கிய வயலுக்கு மருந்தடிக்க விவசாயிக்குக் கிடைப்பது சில நாள் அவகாசமே. அந்த நாட்களில் அடித்தது வெறும் நிறத் தண்ணீராக இருந்துவிட்டால், பயிர் வட்டம் வட்டமாக எரிந்த பின்னர்தான் அது தெரியவரும். அப்போது நட்டம் மருந்துப் போத்தலின் விலையோடு நிற்பதில்லை. விதைநெல், உழவுக்கூலி, உரம், அடைவு வைத்த நகையின் வட்டி எல்லாம் அந்த ஒரு போத்தலோடு போய்விடுகின்றன.

இந்த மோசடிக்கு எதிராக நாட்டில் சட்டம் இருக்கிறது. 1979 ஆம் ஆண்டின் 52 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டக்கோவைக்குப் பதிலாக வந்த 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம், பதிவுசெய்யப்பட்ட வர்த்தகக் குறியின் உரிமையை வேண்டுமென்றே மீறுபவருக்கு 6 மாதம் வரையான சிறை அல்லது 5 இலட்சம் ரூபா வரையான தண்டம் அல்லது இவை இரண்டையும் விதிக்க நீதவானுக்கு அதிகாரம் தருகிறது. ஆனால் குறிகளைப் பதியும் தேசிய புலமைச் சொத்து அலுவலகமும், குறி பற்றிய குடியியல் வழக்குகளை விசாரிக்கும் வணிக மேல் நீதிமன்றமும் கொழும்பில், கிளிநொச்சியிலிருந்து 300 கிலோமீற்றருக்கும் அப்பால் இருக்கின்றன. ஊரில் முதல் நாளில் எடுத்துவைக்காத ஆதாரத்தை அங்கே போய்த் தேட முடியாது. ஆகவே வாங்குபவரும் கடைக்காரரும் சிறு உற்பத்தியாளரும் தங்கள் தங்கள் இடத்தில் இருந்தபடியே செய்யவேண்டியவற்றை இங்கே விளக்கியிருக்கிறேன்.

எந்த மோசடி என்பதை முதலில் பிரித்தறிதல்

சந்தையில் எல்லாவற்றையும் "டூப்ளிகேட்" என்றே சொல்லிவிடுகிறோம். முறைப்பாடு செய்யும்போது இந்தச் சொல் போதாது, ஏனெனில் மோசடியின் வகைக்கு ஏற்பப் போகவேண்டிய அலுவலகமும் மாறுகிறது. ஒரு நிறுவனத்தின் பெயரையும் சின்னத்தையும் அப்படியே ஒட்டி வேறொருவர் தயாரித்து விற்பதே சட்டம் பார்க்கும் நேரடிப் போலி. பெயரில் ஓர் எழுத்தை மாற்றி, நிறத்தையும் பொதியின் வடிவத்தையும் ஒரே மாதிரி வைத்து, அவசரத்தில் வாங்குபவரை ஏமாற்றுவது இன்னொரு வகை. குறிகள் மயக்கம் தரும் அளவுக்கு ஒத்திருந்தால் அதுவும் உரிமை மீறலே, அத்துடன் நேர்மையற்ற போட்டி என்ற தலைப்பிலும் அது அகப்படும். உண்மையான பழைய போத்தலில் வேறு திரவத்தை நிரப்புவதும், காலாவதியான பொருளுக்குப் புதுத் திகதி அடிப்பதும் மூன்றாவது வகை.

நான்காவது வகையைப் பலர் போலியோடு சேர்த்துக் குழப்பிக்கொள்கிறார்கள். இந்தியாவிலிருந்து கடல் வழியாகக் களவாகக் கொண்டுவரப்படும் மருந்து, அங்கே உண்மையான நிறுவனம் தயாரித்ததாகவே இருக்கலாம். ஆயினும் இலங்கையில் பதிவுசெய்யப்படாததால் 1980 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கப் பீடைகொல்லிகள் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி அதை இங்கே விற்பது குற்றம். 2021 மே மாதத்தில் இரசாயன உரத்துக்கும் விவசாய இரசாயனங்களுக்கும் இறக்குமதித் தடை வந்து, அது நவம்பரில் விலக்கப்படும் வரையான காலத்தில், இப்படிப்பட்ட சரக்குக்கு நல்ல கேள்வி உண்டாயிற்று. "இந்தியன் மருந்து, நல்லாக் கேக்கும்" என்று சொல்லித் தரப்படும் போத்தலில் இருப்பது உண்மையான இந்திய மருந்தா, அந்தப் பெயரில் நிரப்பப்பட்ட வேறெதுவுமா என்று அறிய வாங்குபவருக்கு எந்த வழியும் இல்லை. பொறுப்பேற்க இங்கே இறக்குமதியாளரும் இல்லை.

மருந்துப் போத்தலைப் பார்க்கும் முறை

கடைக்காரர் போத்தலை எடுத்துத் தந்ததும் பைக்குள் வைத்துவிடாமல் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து பார்க்க வேண்டும். முதலில் மூடி. மூடியின் கீழ்வளையம் உடையாமல் இருக்கிறதா, திறந்து பார்க்க முடியுமானால் உள்ளே இருக்கும் மெல்லிய தகடு விளிம்பு முழுவதும் சீராக ஒட்டியிருக்கிறதா என்று கவனிக்க வேண்டும். தகட்டைப் பிரித்து மீண்டும் ஒட்டியிருந்தால் விளிம்பில் சுருக்கமும் பசைத் தடமும் தெரியும். அடுத்தது சுட்டுத்துண்டு. இலங்கையில் பதிவுசெய்யப்பட்ட பீடைகொல்லியின் சுட்டுத்துண்டில் சிங்களம், தமிழ், ஆங்கிலம் ஆகிய மூன்று மொழிகளும் இருக்க வேண்டும்; தமிழ்ப் பகுதியை முழுமையாக வாசியுங்கள். எழுத்துகள் உடைந்தும் கொம்புகள் இடம் மாறியும் பொருளற்ற சொற்களாகக் கிடந்தால் அந்தப் போத்தலைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். பின்னர் பீடையைக் கொல்லும் செயற்படு பொருளின் பெயரும் வீதமும், பதிவிலக்கம், இறக்குமதியாளரின் பெயரும் முகவரியும், நச்சுத்தன்மையைக் காட்டும் நிறப்பட்டி ஆகியவை உண்டா என்று பாருங்கள்.

இவை எல்லாவற்றையும் விடத் தொகுதி இலக்கமும் உற்பத்தித் திகதியும் காலாவதித் திகதியும் கூடுதலாகப் பேசும். சுட்டுத்துண்டை அச்சிடும்போது இவற்றை அச்சிடுவதில்லை. போத்தல் நிரப்பப்படும்போதே தனியாகப் பொறிக்கிறார்கள். விரலை ஈரமாக்கி மெல்லத் தேய்த்தால் அழிகிறதா, பழைய திகதியின் நிழல் அடியில் தெரிகிறதா, போத்தலில் உள்ள இலக்கமும் அது வந்த அட்டைப் பெட்டியில் உள்ள இலக்கமும் ஒன்றா என்று பாருங்கள். முந்தைய போகத்தில் நம்பிக்கையாக வாங்கிய அதே மருந்தின் சுட்டுத்துண்டைக் கைத்தொலைபேசியில் படமெடுத்து வைத்திருந்தால், இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட ஒரு நிமிடம் போதும். நிறத்தின் அடர்த்தி, எழுத்துகளுக்கு இடையிலான இடைவெளி, சின்னத்தின் ஓரங்கள் ஆகியவற்றில் போலி அச்சு பெரும்பாலும் தன்னைக் காட்டிக்கொடுக்கும்.

பீடைகொல்லி விற்க உத்தரவுப் பத்திரம் வேண்டும். அது கடையில் இருக்கிறதா என்று கேட்பதில் தயக்கம் வேண்டாம். பெரிய கலனிலிருந்து சின்னப் போத்தலுக்கு அளந்து ஊற்றித் தரும் மருந்தை எவ்வளவு மலிவாக இருந்தாலும் வாங்க வேண்டாம். மருந்தடித்து முடிந்ததும் வெறும் போத்தலை மும்முறை அலசி, அந்தத் தண்ணீரைத் தெளிகருவிக்குள்ளேயே ஊற்றி, போத்தலின் அடியில் துளையிட்டுவிட வேண்டும். துளையிடாமல் வரம்பில் எறியப்படும் வெறும் போத்தல்தான் மறுநிரப்புக்காரருக்கு மூலப்பொருள்.

பற்றுச்சீட்டு கேட்கும் இடத்தில்தான் நம்மவர்கள் தளர்ந்து போகிறார்கள். "பில் எதுக்கு அண்ணை, நான் இஞ்சதானே இருக்கிறன்" என்று கடைக்காரர் சொல்லும்போது, பழகிய முகத்தை நம்பாதது போல் ஆகிவிடுமே என்று கூச்சப்படுகிறோம். வாங்குபவர் கேட்டால் பற்றுச்சீட்டுக் கொடுப்பது 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின்படி வியாபாரியின் கடமை. அதில் மருந்தின் பெயரோடு தொகுதி இலக்கத்தையும் எழுதித் தரும்படி கேளுங்கள். பிறகு எழும் கேள்விகளில் பாதிக்கு அந்த ஒரு வரியே விடையாக இருக்கும்.

மற்றப் பொருட்களைப் பொறுத்தவரை சுருக்கமாகவே சொல்லலாம். கைத்தொலைபேசி வாங்கும்போது, நட்சத்திரக் குறி, சதுரக் குறி, 06, மீண்டும் சதுரக் குறி என்று அழுத்தினால் அந்தத் தொலைபேசிக்கே உரிய அடையாள எண்ணான 15 இலக்க ஐ.எம்.ஈ.ஐ. எண் திரையில் வரும், ஆங்கிலத்தில் ஐ.எம்.ஈ.ஐ. என்ற 4 எழுத்துகளையும் ஓர் இடைவெளியையும் அந்த எண்ணையும் 1909 க்குக் குறுஞ்செய்தியாக அனுப்பினால், தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் பதிவில் அது உண்டா என்று பதில் கிடைக்கும். மின்சார ஆளிகள், செருகிகள், தலைக்கவசம் போன்றவற்றில் இலங்கைத் தரச் சின்னமான எஸ்.எல்.எஸ். மட்டும் இருந்தால் போதாது. அதனுடன் தர நியமத்தின் இலக்கமும் இருக்க வேண்டும். தலைக்கவசத்துக்கான நியமம் 517. மருந்தகத்தில் அட்டையிலிருந்து வெட்டித் தரும் குளிசைகளில் காலாவதித் திகதியும் தொகுதி இலக்கமும் உள்ள முனை மருந்தகத்திலேயே தங்கிவிடுவதுண்டு. அந்த முனையைப் படமெடுத்துக்கொள்ளுங்கள். மருந்துகள் பற்றிய முறைப்பாடு 2015 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான தேசிய ஒளடதங்கள் ஒழுங்குபடுத்தும் அதிகார சபைக்குச் செல்ல வேண்டும். வைத்தியசாலையின் மருந்தாளருக்கும் பிராந்திய சுகாதார சேவைகள் பணிமனைக்கும் தெரிவிப்பதே விரைவான தொடக்கம்.

ஏமாற்றப்பட்ட பிறகு செய்யவேண்டியவை

அடித்த மருந்து கேட்கவில்லை என்றவுடன் அது போலி என்று முடிவு கட்டக் கூடாது. பூச்சிக்கு எதிர்ப்புச் சக்தி ஏற்பட்டிருக்கலாம், அளவு குறைந்திருக்கலாம், கலங்கல் தண்ணீரில் கலந்திருக்கலாம், அடித்த சிறிது நேரத்தில் மழை பெய்திருக்கலாம். விற்பவர் முதலில் எடுத்துவைக்கும் வாதங்களும் இவையே. ஆகவே எந்தத் திகதியில், எந்த நேரத்தில், எத்தனை தாங்கிக்கு எவ்வளவு கலந்து, எத்தனை ஏக்கருக்கு அடித்தீர்கள் என்பதை அன்றே எழுதிவைத்து, விவசாயப் போதனாசிரியரை வயலுக்கு அழைத்து நிலைமையைக் காட்டுங்கள். அவர் எழுதும் குறிப்பு பின்னர் நீங்கள் சொல்லும் எந்த வார்த்தையையும் விடக் கனமானது.

மிஞ்சிய மருந்தைப் போத்தலோடு மூடி, ஒரு பொலித்தீன் பையில் இட்டு வாயை ஒட்டி, ஒட்டிய இடத்தின் மேல் திகதியிட்டு நீங்களும் கமக்காரர் அமைப்பின் செயலாளரும் கையெழுத்திட்டு, பிள்ளைகளுக்கு எட்டாத குளிர்ந்த இடத்தில் வையுங்கள். அதே தொகுதி இலக்கத்தில் திறக்கப்படாத போத்தல் ஒன்று அயலவரிடம் இருந்தால் அதைத் திறக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். திறந்த போத்தலைக் காட்டினால் "நீங்களே கலந்திருப்பீர்கள்" என்று சொல்ல இடமுண்டு. திறக்காத போத்தலிடம் அந்தப் பேச்சு எடுபடாது.

அதன் பின்னர் சுட்டுத்துண்டில் உள்ள இறக்குமதியாளருக்கு அறிவிக்க வேண்டும். இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். ஒரு பொருள் தங்களுடையதா இல்லையா என்று உறுதியாகச் சொல்லக்கூடியவர் குறியின் உரிமையாளர். அவருடைய வாக்குமூலம் இல்லாமல் போலிக் குறி வழக்கு நகர்வது கடினம். தமது பெயர் கெடுவதால் அவருக்கும் இதில் அக்கறை உண்டு. அதே வேளையில் கமநல சேவை நிலையத்தின் ஊடாகப் பீடைகொல்லிப் பதிவாளருக்கும், மாவட்டச் செயலகத்தில் இயங்கும் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையின் அலுவலகத்துக்கும் எழுத்தில் முறையிடுங்கள். அதிகார சபையின் தொலைபேசி இலக்கம் 1977. ஆயினும் பொருளை வாங்கிய நாளிலிருந்து 3 மாதங்களுக்குள் எழுத்து மூல முறைப்பாட்டைக் கொடுத்துவிட வேண்டும். விசாரணையின் பின் நட்டஈடு வழங்கவோ, பொருளை மாற்றிக் கொடுக்கவோ, பணத்தைத் திருப்பித் தரவோ வியாபாரிக்குக் கட்டளையிட அதற்கு அதிகாரம் உண்டு.

கடிதத்தில் கோபத்தைக் காட்ட வேண்டியதில்லை. இவ்வளவு போதும்:

"நான் இக்கடிதத்துடன் இணைத்துள்ள பற்றுச்சீட்டில் காணும் கடையில், அதில் காணும் திகதியில், இப்பெயரும் இத்தொகுதி இலக்கமும் உடைய மருந்து 2 போத்தல்களை வாங்கினேன். சுட்டுத்துண்டில் சொல்லப்பட்ட அளவில் கலந்து என் வயலுக்கு அடித்தேன்; பயன் கிடைக்கவில்லை. போத்தலின் திகதிப் பொறிப்பு அழிக்கப்பட்டு மீண்டும் இடப்பட்டதாகத் தெரிகிறது. விவசாயப் போதனாசிரியரின் குறிப்பும் படங்களும் இணைக்கப்பட்டுள்ளன. முத்திரையிட்ட போத்தல் என் வசம் உண்டு, கேட்கும்போது ஒப்படைப்பேன். விசாரித்து நடவடிக்கை எடுக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்."

போத்தலை ஒப்படைக்கும்போது பெற்றுக்கொண்டதற்கான கையெழுத்தை வாங்குங்கள். கடையின் பெயரைப் போட்டு முகநூலில் எழுதும் ஆவல் வந்தாலும் அடக்கிக்கொள்ளுங்கள். அது மிஞ்சிய சரக்கை இரவோடிரவாக மறைக்க விற்பவருக்கு வாய்ப்பளிக்கும்; நிரூபிக்க முடியாது போனால் மானநட்ட வழக்கு உங்கள் மேல் திரும்பும்.

கடைக்காரருக்கு

சிறு கடைக்காரர் பலர் தாங்களே ஏமாற்றப்பட்டவர்கள். லொறியில் வந்து இறக்கிவிட்டுப் போகிறவர் மலிவாகத் தருகிறார், பற்றுச்சீட்டுத் தருவதில்லை, அடுத்த முறை வருவாரோ தெரியாது. போலிக் குறியிட்ட பொருளை விற்பனைக்காக வைத்திருப்பதே குற்றம். ஆனால் நியாயமான முன்னெச்சரிக்கை அனைத்தும் எடுத்திருந்தார், சந்தேகிக்கக் காரணம் இருக்கவில்லை, பொருளைத் தந்தவர் பற்றிய விபரம் முழுவதையும் கேட்டபோது கொடுத்தார் என்று காட்டினால் சட்டம் அவருக்கு இடமளிக்கிறது. லொறிக்காரரின் பெயர், தேசிய அடையாள அட்டை இலக்கம், வாகன இலக்கம், கொள்வனவுப் பட்டியல் ஆகியவற்றைப் பதிந்துவைத்த கொப்பி ஒன்றே அந்த இடத்தில் அவரைக் காப்பாற்றும். இந்த விபரங்களைத் தர மறுப்பவரின் சரக்கை இறக்கக் கூடாது என்பதே என் உறுதியான கருத்து. வாடிக்கையாளர் குறை சொல்லத் தொடங்கிய பிறகும் அதே தொகுதியை விற்றால், தெரியாமல் விற்றேன் என்ற பேச்சுக்கு இடமிராது.

சொந்தக் குறியைப் பதிவு செய்தல்

வன்னியில் அரிசி ஆலை, மிளகாய்த்தூள், தேன், கருவாடு, கச்சான் என்று சிறு உற்பத்தி பெருகிவருகிறது. அடுத்தவருடைய குறியைப் பற்றி மட்டும் பேசிக்கொண்டிருந்த நாம் இனி நம்முடைய குறியைப் பற்றியும் பேச வேண்டும். பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயரைப் பதிந்திருக்கிறேன், அதனால் அந்தப் பெயர் எனக்கே உரியது என்று பலர் நம்புகிறார்கள். அந்தப் பதிவு நீங்கள் அப்பெயரில் தொழில் செய்வதை அரசுக்குத் தெரிவிக்கிறது. பொதியில் உள்ள பெயரையும் சின்னத்தையும் வேறொருவர் போடாமல் தடுக்கும் தனியுரிமையை வர்த்தகக் குறிப் பதிவே தருகிறது.

பெயரைத் தேர்வதில்தான் அதிக சிந்தனை வேண்டும். பொருளின் இயல்பையோ அது வரும் இடத்தையோ மட்டும் சொல்லும் பெயரைச் சட்டம் ஒருவருக்கே உரியதாக எழுதிக்கொடுப்பதில்லை. ஏ9 வீதியில் போகிற வாகனங்கள் எல்லாம் நின்று போகும் முறிகண்டிப் பிள்ளையார் கோயிலடியில் விற்கும் கச்சானை எடுத்துக்கொள்ளுங்கள். "முறிகண்டிக் கச்சான்" என்ற இரு சொற்களை மட்டும் ஒருவர் தன் குறியாகப் பதியக் கேட்டால் அது மறுக்கப்பட வேண்டியதே. அங்கே வறுத்து விற்கும் எல்லோருடைய வாழ்வும் அந்தப் பெயரில் இருக்கிறது. தனியொருவர் வேண்டுமானால் தனக்கே உரிய ஒரு பெயரையோ உருவத்தையோ முதன்மையாக வைத்து, இடப்பெயரைச் சிறிதாக எழுதலாம். விற்பவர்கள் ஒரு சங்கமாகச் சேர்ந்தால் கூட்டுக் குறி ஒன்றைப் பதியும் வழியும் உண்டு. அதற்கு யார் பயன்படுத்தலாம், என்ன தரம் என்ற விதிகளை எழுதிக் கொடுக்க வேண்டும். இடத்தால் தரம் வரும் பொருட்களுக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது. இலங்கைக் கறுவா 2022 இல் ஐரோப்பிய ஒன்றியத்தில் அந்தப் பாதுகாப்பைப் பெற்றது. அதே ஆண்டில் உள்நாட்டிலும் இதற்கான பதிவுக்கு இடமளித்துச் சட்டம் திருத்தப்பட்டது. வன்னியின் பொருட்களுக்காக யாராவது இந்த வேலையைத் தொடங்க வேண்டும் என்பது என் நெடுநாள் விருப்பம்.

பெயர் முடிவானதும் தேசிய புலமைச் சொத்து அலுவலகத்தில் தேடல் செய்து, அதே போன்ற குறி முன்னரே உண்டா என்று பார்க்க வேண்டும். பொதிகளை ஆயிரக்கணக்கில் அச்சிட்ட பிறகு தேடுவது பெரும் செலவில் முடியும். பின்னர் வகுப்பைத் தேர வேண்டும். உலகெங்கும் பொருட்களும் சேவைகளும் 45 வகுப்புகளாகப் பிரிக்கப்பட்டுள்ளன. நெல் 31 ஆம் வகுப்பு, அதைக் குற்றி அரிசியாக்கினால் 30. பச்சைக் கச்சான் 31, வறுத்த கச்சான் 29. தேனும் மிளகாய்த்தூளும் 30, கருவாடு 29. ஒவ்வொரு வகுப்புக்கும் தனி விண்ணப்பமும் தனிக் கட்டணமும் உண்டு. ஆகவே இப்போது விற்பதற்கும் விரைவில் விற்கப்போவதற்கும் மட்டும் கேளுங்கள். ஏற்றுக்கொள்ளப்பட்ட குறி வர்த்தமானியில் வெளியிடப்பட்டு, 3 மாதங்களுக்குள் எவரும் எதிர்க்காவிட்டால் பதியப்படும். பதிவு விண்ணப்பித்த நாளிலிருந்து 10 ஆண்டுகளுக்குச் செல்லும். 10, 10 ஆண்டுகளாகப் புதுப்பித்துக்கொண்டே போகலாம். தொடர்ந்து 5 ஆண்டுகள் பயன்படுத்தாமல் விட்டால் நீக்கப்படக்கூடும்.

சின்னத்தை வரைந்து தந்தவரிடம், அதன் பதிப்புரிமையை உங்களுக்கு மாற்றித் தருவதாக ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பதிப்புரிமை பதிவில்லாமலே வரைந்தவருக்குச் சேர்ந்து, அவர் வாழ்நாளுக்குப் பின்னும் 70 ஆண்டுகள் நீடிக்கும். கூலி கொடுத்துவிட்டோம் என்ற நினைப்பில் இதை விட்டுவிட வேண்டாம். முதல் விற்பனைப் பட்டியல், முதல் பொதியின் மாதிரி, விளம்பரத் துண்டு ஆகியவற்றைத் திகதியோடு ஒரு கோப்பில் சேர்த்துவையுங்கள். பதிவு கைக்கு வருமுன் யாராவது நகலெடுத்தால், நேர்மையற்ற போட்டி என்று வழக்காட அந்தக் கோப்பே துணை. அரிசி ஆலைக்காரர்கள் தங்கள் பெயர் அச்சிட்ட பழைய சாக்குகளைச் சும்மா விற்றுவிடாமல், பெயருக்குக் குறுக்கே வெட்டியே கொடுக்க வேண்டும்; அதே சாக்கில் வேறு அரிசி நிரம்பிச் சந்தைக்கு வந்தால் கெடுவது ஆலையின் பெயர்.

கொழும்புக்கு அடிக்கடி போய்வர இயலாதவர்கள் கைத்தொழில் அபிவிருத்திச் சபையின் மாவட்ட அலுவலகத்தில் விண்ணப்பம் பற்றி ஆலோசனை கேட்கலாம். வழக்கு நிலைக்குப் போனால், வருமானம் குறைந்தவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம்.

கனடாவிலும் இலண்டனிலும் உள்ள உறவுகள் வழியாகப் பொருள் அனுப்புபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இலங்கைப் பதிவு இலங்கைக்குள் மட்டுமே செல்லும். அங்கே உங்கள் பெயரை வேறொருவர் தன் பெயரில் பதிந்துவிட்டால், உங்கள் பொதி அங்குள்ள கடைத் தட்டுக்கு ஏற முடியாது. இலங்கையில் விண்ணப்பித்த நாளிலிருந்து 6 மாதங்களுக்குள் அந்த நாட்டில் விண்ணப்பித்தால், புலமைச் சொத்து பற்றிய பன்னாட்டு உடன்படிக்கையான பாரிஸ் சமவாயத்தின்படி இங்கே விண்ணப்பித்த திகதியையே அங்கும் முன்னுரிமைத் திகதியாகக் கோரலாம். ஆகவே விண்ணப்பப் பற்றுச்சீட்டு கைக்கு வந்த அன்றே, அந்த 6 மாதம் முடியும் திகதியை அதன் மேல் எழுதிவைத்து, அங்கே பொருளை இறக்கும் உறவினருக்கும் ஒரு பிரதியை அனுப்பிவிடுங்கள்.